மலைக்குப் போய்வந்த வண்டியை ஏன் ஒரு நாள் கூடுதலாக நிறுத்தி வைக்கிறோம்?

அன்பார்ந்த வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

புரட்டாசி பிறந்துவிட்டது. இன்னும் சில வாரங்களில் வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிடும். சிறுமலைத் தோட்டங்களுக்கு வாரம் தவறாமல் ஜீப் ஓட்டுகிறவர்கள், வருசநாடு, போடிப் பக்கம் வேலையாகப் போய்வரும் கேம்பர் வண்டிக்காரர்கள், ஞாயிற்றுக்கிழமையானால் நண்பர்களோடு மண்பாதை தேடிப் போகிற, மஹிந்திரா தார், மாருதி ஜிம்னி வைத்திருக்கும் தம்பிகள் என்று நம்ம பட்டறைக்கு வருகிற எல்லோருக்கும் சேர்த்து இந்த மடலை எழுதுகிறோம். ஒரு புது ஏற்பாட்டைச் சொல்ல வேண்டும். அதற்கான காரணத்தையும் சொல்ல வேண்டும்.

ஏற்பாடு இதுதான். மலைப்பாதையிலோ தண்ணீரிலோ ஓடிவிட்டு வருகிற ஃபோர் வீல் வண்டிக்கு இனி இன்ஜின் ஆயிலும் ஃபில்டரும் மட்டும் மாற்றி அன்று சாயங்காலமே அனுப்பிவைக்க மாட்டோம். வண்டி ஒரு ராத்திரி பட்டறையில் நிற்கும். மறுநாள் காலையில் முன் ஆக்சில், பின் ஆக்சில், கியர் பாக்ஸ், இன்ஜின் சக்தியை முன்னுக்கும் பின்னுக்கும் பிரித்து அனுப்புகிற டிரான்ஸ்ஃபர் கேஸ் ஆகிய நான்கின் மூடியையும் திறந்து ஆயிலைப் பார்த்த பிறகுதான் சாவியைக் கையில் கொடுப்போம். பார்ப்பதற்குக் காசு வாங்க மாட்டோம். ஆயில் கெட்டிருந்தால் உங்களைக் கூப்பிட்டுக் காட்டிவிட்டு, நீங்கள் சரி என்று சொன்ன பிறகே மாற்றுவோம்.

"ஒரு ஆயில் சர்வீசுக்கு எதுக்குங்க ரெண்டு நாளு?" என்று போன வாரமே இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். நியாயமான கேள்வி. வண்டி நின்றால் அன்றைய வருமானம் நின்றது என்பது எங்களுக்கும் தெரியும்.

போன கார்த்திகையில் நடந்ததைச் சொல்கிறோம். சிறுமலையிலிருந்து வாழைத்தார் இறக்குகிற ஒரு பழைய டீசல் ஜீப். அதன் உரிமையாளர் எங்களிடம் பல வருடமாக வருகிற பெரியவர். ஐப்பசி மழையில் தோட்டத்துக்கு முன்னால் இருக்கிற ஓடையில் தினமும் இறங்கி ஏறியிருக்கிறது வண்டி. மாதக் கடைசியில் சர்வீசுக்கு விட்டார். இன்ஜின் ஆயில் மாற்றினோம், ஃபில்டர் மாற்றினோம், சேறு போகக் கழுவினோம், அனுப்பிவிட்டோம். மூன்று வாரம் கழித்து வந்து நின்றார். "தம்பி, பின்னாடி ஊளையிடுதுப்பா. போன மாசந்தான உங்ககிட்ட விட்டு எடுத்தேன்?" என்றார்.

பின் ஆக்சிலின் அடி மூடியைக் கழற்றியதும் வந்தது கியர் ஆயிலே இல்லை. பால் கூடிப்போன டீ மாதிரி ஒரு திரவம் பாத்திரத்தில் கொழகொழவென்று விழுந்தது. விரலில் தொட்டுத் தேய்த்தால் வழுக்கவில்லை, நறநறவென்றது. மூடியில் இருக்கும் காந்தத்தில் ஊசி ஊசியாக இரும்புத் துகள் ஒட்டியிருந்தது. திறந்து பார்த்தால் பினியன் என்கிற சின்னப் பல்சக்கரத்தில் பல்லின் முகம் அரித்து, அது சுற்றுகிற கிரவுன் என்கிற பெரிய பல்சக்கரத்தில் நீலம் பாரித்திருந்தது. சூட்டில் வெந்த இரும்புக்குத்தான் அந்த நீலம் வரும். செட்டையே மாற்ற வேண்டியதாயிற்று. சாமான் கிடைத்து, பூட்டி, ஓட்டிப் பார்த்துக் கொடுக்க எட்டு நாள் ஆனது. அந்த எட்டு நாளும் அவருடைய காய் மலை மேலேயே பழுத்துக்கொண்டிருந்தது.

கூலி வாங்கவில்லை. ஆனால் அதோடு விஷயம் தீர்ந்துவிட்டதாக எங்களுக்குத் தோன்றவில்லை. முதல் தடவை வந்தபோதே அந்த மூடியைத் திறந்து பார்த்திருந்தால் ஆயில் மாற்றுகிற செலவோடு போயிருக்கும். அவர் கேட்கவில்லை, நாங்களும் பார்க்கவில்லை. ஓடையில் இறங்கிய வண்டி என்று தெரிந்தும் பார்க்காமல் விட்டது எங்கள் தப்பு.

சரி, மூடி இறுக்கமாக இருக்கிற இரும்புக் கூட்டுக்குள் தண்ணீர் எப்படிப் போகிறது? இதைப் புரிந்துகொண்டால் பாதிச் செலவு மிச்சம்.

ஆக்சில் கூட்டின் மேல்பக்கம் சுண்டுவிரல் நுனி அளவில் ஒரு சின்ன மூடி இருக்கும். பிரீதர் என்போம், கூடு மூச்சு விடுகிற வழி அது. இருபது முப்பது கிலோமீட்டர் ஓடினாலே உள்ளே ஆயில் நன்றாகச் சூடாகிவிடும். ஆயில் சூடானால் மேலே இருக்கிற காற்று விரியும், பிரீதர் வழியாக வெளியே போகும். அந்தச் சூட்டோடு வண்டி ஓடையில் இறங்குகிறது என்று வையுங்கள். கூடு சட்டென்று குளிர்கிறது, உள்ளே இருக்கும் காற்று சுருங்குகிறது, வெளியிலிருந்து காற்றை இழுக்கப் பார்க்கிறது. பிரீதர் திறந்து, தண்ணீருக்கு மேலே இருந்தால் காற்றை இழுக்கும். தண்ணீருக்குள் முங்கியிருந்தால் தண்ணீரையே இழுக்கும். மண் அடைத்திருந்தால் இன்னும் மோசம். ஆயில் சீலின் உதட்டு வழியாக இழுக்கும். அந்த சீல் உள்ளே இருக்கும் ஆயிலை வெளியே விடாமல் காப்பதற்காகச் செய்தது, வெளித் தண்ணீரை உள்ளே விடாமல் தடுக்க அதற்கு அவ்வளவு தெம்பு கிடையாது. அந்தப் பெரியவரின் ஜீப்பில் பிரீதருக்குள் செம்மண் செங்கல் மாதிரி இறுகிப் போயிருந்தது. கோணி தைக்கிற ஊசியை வைத்துக் குத்தித்தான் எடுத்தோம்.

ராத்திரி முழுக்க வண்டியை நிறுத்தச் சொல்வதும் இதனால்தான். ஓடி வந்த உடனே திறந்தால் எல்லாம் கலங்கிக் கிடக்கும், கொஞ்சமாக நுழைந்த தண்ணீர் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். ஆடாமல் நின்றால் தண்ணீர் ஆயிலைவிடக் கனம் என்பதால் அடியில் போய்த் தங்கும். காலையில் அடி மூடியை முழுக்கக் கழற்றாமல் அரைச் சுற்றுத் தளர்த்தினால் முதலில் கசிகிற சொட்டே சொல்லிவிடும். தெளிவான தேன் நிறத்தில் வந்தால் நிம்மதி. தண்ணீர்ச் சொட்டு வந்தாலோ, வெளுத்து வந்தாலோ ஆயிலை மாற்றியே ஆக வேண்டும்.

பிரீதரிலிருந்து ஒரு ரப்பர் ஹோஸ் இழுத்து, இன்ஜின் பக்கம் உயரமான இடத்தில் அதன் வாயைக் கட்டிவிட்டால் இந்தத் தொல்லை பெரிதும் குறையும். சில புது வண்டிகளில் கம்பெனியே ஹோஸ் வைத்து அனுப்புகிறது. பழைய ஜீப்புகளில் நாம்தான் செய்துகொள்ள வேண்டும், அரை நாள் வேலை. மலைக்குத் தொடர்ந்து போகிறவர்கள் வேறு எந்த அலங்காரத்துக்கும் முன்னால் இதைச் செய்யுங்கள் என்று கேட்டுக்கொள்கிறோம்.

ஆயில் விஷயத்தில் இன்னொன்று. "கியர் ஆயில்தானே, எதையாவது ஊத்துங்க" என்று யாராவது சொன்னால் எங்களுக்குத் தூக்கிவாரிப் போடுகிறது. ஆக்சிலில் கிரவுனும் பினியனும் ஒன்றின் மேல் ஒன்று வழுக்கி உரசிக்கொண்டே சுற்றுகின்றன. அந்த அழுத்தத்தைத் தாங்க ஜிஎல்-5 தர ஆயில் வேண்டும். கியர் பாக்ஸில் இருப்பவை பல வண்டிகளில், கியர் சத்தமில்லாமல் விழ உதவுகிற பித்தளை சிங்க்ரோ வளையங்கள். அங்கே ஜிஎல்-4 கேட்கிற கம்பெனிகள் உண்டு, ஜிஎல்-5-ல் சேர்க்கிற கந்தகச் சேர்மானம் பித்தளையை அரிக்கக்கூடும் என்பதால். வண்டியோடு வந்த புத்தகத்தில் போட்டிருப்பதைத்தான் ஊற்றுவோம். புத்தகம் தொலைந்திருந்தால் சொல்லுங்கள், தேடிப் பார்த்துச் சொல்கிறோம்.

மழைக்காலத்தில் மலைக்குப் போகாதவர்களும் இதில் சேர்த்திதான். வைகையில் தண்ணீர் வந்தால் தரைப்பாலம் முங்குகிறது, ஒரு மணி நேர மழைக்கே ரயில்வே பாலத்துக்கு அடியில் முழங்கால் தண்ணீர் நிற்கிறது. ஜீப் உயரமான வண்டிதானே என்று இறக்கிவிடுகிறோம். அப்படி இறங்கி நடுவில் வண்டி நின்றுபோனால், தயவுசெய்து சாவியைத் திருப்பாதீர்கள். காற்று போகிற வழியில் தண்ணீர் உள்ளே ஏறியிருந்தால் பிஸ்டன் அதை அழுத்த முடியாது. தண்ணீர் சுருங்காது, பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராட் வளையும். தள்ளிக் கரையேற்றிவிட்டு எங்களைக் கூப்பிடுங்கள். ஓடுகிற தண்ணீர் என்றால் இறங்கவே வேண்டாம்.

இறக்கத்தைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் போதாது. சிறுமலைக்கு 18 கொண்டை ஊசி வளைவு, போடிமெட்டுக்கு 17. ஏறும்போது எல்லோரும் கவனமாகத்தான் ஏறுகிறோம், இறங்கும்போதுதான் நியூட்ரலில் விட்டு பிரேக்கை மிதித்துக்கொண்டே வருகிற பழக்கம் இருக்கிறது. லைனிங் கருகுகிற வாடை வருவதற்குள் பாதிப் பிடிப்பு போயிருக்கும். பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும் குணமுள்ளது. டாட்-3 ஆயில் புதிதாக இருக்கும்போது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது தரக்கணக்கு. ஈரம் ஏறிய ஆயிலுக்கு அதே கணக்கு 140-தான். கொதித்துக் குமிழி வந்துவிட்டால் பெடல் பஞ்சு மாதிரி தரையைத் தொடும். ஆகையால் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பிரேக் ஆயிலை மாற்றிவிடுங்கள். ஏறின கியரிலேயே இறங்குங்கள். மண்பாதையில் செங்குத்தான இறக்கம் என்றால் இறங்குவதற்கு முன்பே, வண்டி நிற்கும்போதே ஃபோர் வீல் லீவரை, வேகம் குறைத்து இழுவை கூட்டும் லோ ரேஞ்சில் போட்டு முதல் கியரில் விடுங்கள், இன்ஜினே பிடித்துக்கொள்ளும். வழுக்குகிற இடத்துக்குள் போய் மாட்டிக்கொண்ட பிறகு லீவரைத் தேடினால் பலனில்லை.

அதே லீவரைக் காய்ந்த தார் ரோட்டில் போட்டுக்கொண்டு ஓட்டுவதும் கூடாது. மஹிந்திரா தார், ஜிம்னி, பழைய மேஜர் ஜீப் போன்ற வண்டிகளில் முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் நடுவில், இரண்டையும் வேறு வேறு வேகத்தில் சுற்றவிடுகிற டிஃபரென்ஷியல் கிடையாது. வளைவில் முன் சக்கரங்கள் அதிக தூரம் சுற்றியாக வேண்டும். மண்ணில் டயர் வழுக்கிச் சமாளித்துவிடும், தார் ரோட்டில் வழுக்க இடமில்லாமல் அந்த முறுக்கு முழுவதும் ஷாஃப்டிலும் கியரிலும் ஏறும். ஸ்டியரிங் கனத்துப் போவதும், லீவர் வெளியே வர மறுப்பதும் அதனால்தான். ஊருக்குள்ளேயே ஓடுகிற வண்டியென்றால் மாதம் ஒருமுறை மண்ரோடு பார்த்து ஓரிரண்டு கிலோமீட்டர் ஃபோர் வீலில் ஓட்டுங்கள். வருடக்கணக்கில் தொடாமல் விட்டு, தேவைப்படும்போது லீவர் அசையவில்லை என்று வருகிறவர்கள் அதிகம்.

மேலூர்ப் பக்கம் கல்குவாரிகளுக்குப் போகிற வண்டிகளுக்கு ஏர் ஃபில்டரைப் பாதி கெடுவிலேயே பார்க்க வேண்டும். உள்ளிருந்து வெளியே மெதுவாக ஊதுங்கள், கம்ப்ரசரை முழு வேகத்தில் வைத்தால் காகிதம் கிழிந்துவிடும். திருமங்கலம், கள்ளிக்குடிக் கரிசலில் ஓடி வருகிறவர்களுக்கு வேறு பிரச்சினை. ரிம்மின் உட்பக்கத்தில் கரிசல் அப்பிக் காய்ந்துவிடும், அறுபது எழுபது வேகத்தில் ஸ்டியரிங் கிடுகிடுவென்று ஆடும். அலைன்மென்ட் போய்விட்டது என்று பதறி வருகிறார்கள். முதலில் சக்கரத்தின் உட்பக்கத்தைக் கழுவிப் பாருங்கள், பெரும்பாலும் அதிலேயே சரியாகிவிடும். கழுவும்போது பிரஷர் கன்னை நேராக ஆயில் சீல், பிரீதர், கிராஸ் பேரிங் மேல் பிடிக்க வேண்டாம். கழுவி முடித்ததும் ஆக்சிலுக்குச் சக்தி கொண்டுபோகிற புரொப்பெல்லர் ஷாஃப்டின் மூட்டுகளான கிராஸ்களில் கிரீஸ் நிப்பிள் இருந்தால், பழைய அழுக்கு கிரீஸ் வெளியே பிதுங்கிப் புது கிரீஸ் தலைகாட்டும் வரை அடிக்க வேண்டும்.

கல்லுப்பாதையில் நாள் முழுக்க ஆடிவிட்டு வந்த வண்டியில் ஸ்பிரிங் பட்டைகளைப் பிடித்திருக்கும் யூ போல்ட்டுகளை இறுக்கிப் பார்க்க வேண்டும். அது தளர்ந்தால் உள்ளே இருக்கும் சென்டர் போல்ட் ஒடியும், ஆக்சில் இடம் மாறும். வண்டி நண்டு மாதிரி ஒருபக்கமாக நடக்கும். மணலிலும் கல்லிலும் டயர் காற்றை 20 பவுண்டு வரை குறைத்து ஓட்டுவது நல்லதுதான், ஆனால் தார் ரோடு ஏறுமுன் பழைய அளவுக்கு நிரப்பியாக வேண்டும். கையில் சின்ன கம்ப்ரசர் இல்லையென்றால் காற்றைக் குறைக்கவே வேண்டாம். பெரிய டயர், உயரம் கூட்டுவது பற்றிக் கேட்கிற தம்பிகளுக்கு: 1988-ம் வருட மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு வண்டியை மாற்றி அமைப்பதைக் கட்டுப்படுத்துகிறது. ஆர்.சி.யில் இருப்பதற்கு மாறாக நாங்கள் செய்து தருவதில்லை.

ஒரு கோரிக்கை. காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் வண்டியைக் கொண்டுபோகாதீர்கள். 2021-ல் ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டது. அந்தப் பக்கம் கிளம்புவதற்கு முன் எந்தப் பாதை திறந்திருக்கிறது என்று வனத்துறையிடம் கேட்டுவிட்டுப் போங்கள். ஓடையில் வண்டியை நிறுத்திக் கழுவவும் வேண்டாம், கீழே அதே தண்ணீரைக் குடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். மாசி, பங்குனியில் காய்ந்த புல்லின் மேல் வண்டியை நிறுத்தாதீர்கள். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்-6 டீசல் வண்டிகளில் பெரும்பாலும் புகைக்கரியைப் பிடித்துவைத்து எரிக்கிற வடிகட்டி இருக்கிறது. அது கரியை எரிக்கும்போது உள்சூடு 600 டிகிரியை ஒட்டிப் போகும். 2018 மார்ச்சில் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி மலையேறப் போன பிள்ளைகள் மாண்டதை நம் பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

தீபாவளிக்கு முந்தின வாரம் பட்டறையில் நிற்க இடம் இருக்காது. மழைக்கு முன்னால் பிரீதர் ஹோஸ் வைக்க விரும்புகிறவர்கள் இந்த மாதத்துக்குள் வந்துவிடுங்கள். சாயங்காலம் ஆறு மணிக்குள் வண்டியை விட்டால் மறுநாள் காலை ஒன்பது மணிக்கு மூடிகளைத் திறப்போம். முடிந்தால் அந்த நேரத்துக்கு நீங்களும் பக்கத்தில் இருங்கள், முதல் சொட்டை உங்கள் கண்ணாலேயே பார்த்துவிடலாம்.

இப்படிக்கு,
நாகமலைப் புதுக்கோட்டைப் பட்டறையிலிருந்து உங்கள் மெக்கானிக்குகள்