வீட்டோடு நின்றுவிடும் படிப்பு

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மத நெறிப்படி வளர்க்க வேண்டும் என்று பிள்ளையைப் பள்ளியிலிருந்து நிறுத்தி, வீட்டிலேயே பாடம் சொல்லித்தரும் சில பெற்றோரைப் பார்க்கிறேன். அவர்கள் பக்தியை நான் குறை சொல்ல மாட்டேன். எங்கள் தெருவில் அப்படி வளரும் பத்து வயதுச் சிறுமி தேவாரம் பாடினால் கேட்டுக்கொண்டே இருக்கலாம். ஆனால் மாலையில் மற்ற பிள்ளைகள் விளையாடும்போது, அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்க்கத்தான் மனசு கேட்கவில்லை.

முப்பது வருடம் அரசுப் பள்ளியில் வேலை பார்த்தவள் நான். ஒரு ரம்ஜான் மாதம், சாப்பாட்டு மணி அடித்ததும் ஒரு மாணவி தட்டை எடுத்துக்கொண்டு தூரத்து வேப்பமரத்தடிக்குப் போனாள். பக்கத்தில் உட்காரும் தோழி நோன்பாம். அவள் முன்னால் எப்படிச் சாப்பிடுவது என்றாள். யாரும் சொல்லித்தரவில்லை. ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பழகியதில் வந்தது அது.

2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயதுவரை கட்டாயக் கல்வி என்கிறது. வீட்டுக் கல்வி பற்றி அதில் தெளிவாக ஒன்றும் இல்லை. 2012-இல் வந்த திருத்தம் மதரசாக்களுக்கும் வேத பாடசாலைகளுக்கும் விலக்குக் கொடுத்துவிட்டது. சிங்கப்பூரில் வீட்டில் படிக்க வைக்க அரசின் அனுமதி வேண்டும். தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வையும் அந்தப் பிள்ளை எழுதியாக வேண்டும். சரி, இங்கே அதையாவது கொண்டு வாருங்கள். வருடத்துக்கு ஒரு முறையாவது கல்வி அலுவலர் அந்த வீடுகளுக்குப் போய், பிள்ளையிடம் தனியாகப் பேசட்டும்.

ஓய்வுபெற்ற ஆசிரியை,
தஞ்சாவூர்