கொடிமலை ரயிலை வைத்துப் பழகு

ஆயர் ஈத்தாம், பினாங்கு

அன்புள்ள பாப்பா,

கேம்பிரிட்ஜில் பொறியியலுக்கு விண்ணப்பிப்பது என்று முடிவெடுத்துவிட்டாய். மனசு நிறைந்திருக்கிறது. போனில் நீ கேட்டதற்கெல்லாம் அரைகுறையாகப் பதில் சொல்ல எனக்கு விருப்பமில்லை, அதனால்தான் எழுதுகிறேன். கோலாலம்பூரில் ஹாஸ்டல் சுவரில் ஒட்டி வைத்துக்கொள்.

முதலில் தேதி. பிரிட்டன் பல்கலைக்கழகங்களுக்கெல்லாம் பொதுவான யூகாஸ் விண்ணப்பம் அக்டோபர் 15, பிரிட்டன் நேரம் மாலை 6 மணியோடு முடியும். அப்போது அங்கே கோடைகால நேரம் என்பதால் ஏழு மணி நேர வித்தியாசம். நமக்கு 16ஆம் தேதி விடியற்காலை 1 மணி. அந்தக் கடைசி மணியை நம்பாதே. நீ இப்போது படிக்கும் கல்லூரியின் பரிந்துரைக் கடிதமும் எதிர்பார்ப்பு மதிப்பெண்களும் சேர்ந்தால்தான் விண்ணப்பம் போய்ச் சேரும். உன் ஆசிரியர் எத்தனையோ பிள்ளைகளுக்கு எழுத வேண்டியிருக்கும். செப்டம்பர் முதல் வாரத்திலேயே உன் பங்கை முடித்து அவரிடம் கொடு. அனுப்பிய பிறகு கேம்பிரிட்ஜ் தனியாக ஒரு படிவம் அனுப்பும், அதற்கும் கெடு உண்டு. ஸ்பேமையும் தினமும் திறந்து பார்.

பெயர் விஷயத்தில் நம் பிள்ளைகள் அடிக்கடி சிக்குகிறார்கள். ஐசியில், அதாவது அடையாள அட்டையில், 'மகள்' என்பதற்கு 'ஏ/பி' இருக்கும். ஒரு படிவம் சாய்கோட்டை ஏற்காவிட்டால் ஆளுக்கொரு விதமாக எழுதிவிடுகிறோம். பாஸ்போர்ட்டில் எப்படியோ, யூகாஸிலும் ஈசாட் நுழைவுத் தேர்வுப் பதிவிலும் அப்படியே இருக்கட்டும். தேர்வு மையத்து வாசலில் நின்று விளக்கம் சொல்லும் நிலை வரக்கூடாது.

ஈசாட் அக்டோபரில். அதற்கான பதிவு செப்டம்பரிலேயே மூடிவிடும், யூகாஸ் தேதியை வைத்து ஏமாந்துவிடாதே. உனக்கு மூன்று தாள்: கணிதம் 1, கணிதம் 2, இயற்பியல். ஒவ்வொன்றும் 40 நிமிடம், 27 கேள்வி. ஒரு கேள்விக்கு ஒன்றரை நிமிடம்கூட முழுசாகக் கிடைக்காது, கால்குலேட்டரும் கிடையாது. ஏ-லெவலில் கால்குலேட்டருக்குப் பழகிய கை இங்கேதான் தடுமாறும். இன்றிலிருந்து பின்னம், வர்க்கமூலம், பத்தின் அடுக்கு எல்லாவற்றையும் தாளில் போட்டுப் பழகு. தவறான விடைக்கு மதிப்பெண் கழிக்க மாட்டார்கள், ஒன்றையும் வெறுமனே விடாதே. லண்டன் இம்பீரியல் கல்லூரியின் பல பொறியியல் துறைகளும் இதே தேர்வைத்தான் கேட்கின்றன. யூகாஸில் நீ போடும் ஐந்து இடங்களில் இம்பீரியலும் இருந்தால் ஒரே உழைப்பு இரண்டுக்கும் உதவும்.

சுயவிளக்கக் கட்டுரை இப்போது மூன்று கேள்விகளாக வருகிறது: ஏன் இந்தப் படிப்பு, பாடங்கள் உன்னை எப்படித் தயார்படுத்தின, வகுப்புக்கு வெளியே என்ன செய்தாய். மூன்றுக்கும் சேர்த்து இடைவெளியோடு 4000 எழுத்துகள், ஒவ்வொன்றுக்கும் குறைந்தது 350. இது நம் அரசுப் பல்கலைக்கழகங்களுக்கான யுபியு விண்ணப்பம் இல்லை, கோகோவுக்கு, அதாவது புறப்பாட நடவடிக்கைக்கு, 10 சதவீதம் என்ற கணக்கு இங்கே செல்லாது. உன் பரதநாட்டிய அரங்கேற்றம் நம் வீட்டுக்குப் பெருமைதான், அதற்கு ஒரு வரி போதும். 'சின்ன வயதிலிருந்தே பாலங்கள் பிடிக்கும்' என்று எழுதாதே. பினாங்குப் பாலத்தின் கேபிள் எவ்வளவு படுத்தவாக்கில் சாய்கிறதோ, அதே எடையைத் தாங்க அவ்வளவு அதிக இழுவிசை வேண்டும் என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்தாய் அல்லவா, அதை எழுது. எழுதிய ஒவ்வொரு வரியிலும் கேள்வி வரும் என்று வைத்துக்கொள்.

இனி நேர்முகம். இதில்தான் எனக்குக் கவலை, நம்பிக்கையும் இதில்தான். அது ஒரு பாடவேளை. சொல்லிக்கொடுத்தால் உன்னால் பிடித்துக்கொண்டு மேலே போக முடிகிறதா என்பதைத்தான் பார்க்கிறார்கள். ஆசிரியர் முன்னால் விடை சரியாக வரும்வரை வாய் திறக்காமல் இருப்பது மரியாதை என்று நாம்தான் வளர்த்துவிட்டோம். அங்கே அந்த மௌனம் உனக்கு எதிராகப் போய்விடும்.

நம் கொடிமலை (பினாங்கு ஹில்) ரயிலை எடுத்துக்கொள். இரண்டு பெட்டிகளைக் கயிற்றால் இணைத்து ஒன்று ஏற ஒன்று இறங்கும்படி ஏன் வைத்தார்கள்? பெட்டி 10 டன், ஏறுபவர்கள் நூறு பேர், ஆளுக்கு 60 கிலோ, சரிவு 30 பாகை என்று வைத்துக்கொள். ஒற்றைப் பெட்டி என்றால், சைன் 30 பாதி என்பதால், 16 டன்னின் பாதி எடை, ஏறக்குறைய 80,000 நியூட்டன் இழுக்க வேண்டும். மறுமுனையில் காலிப் பெட்டி இறங்கினால் பெட்டிக்குப் பெட்டி சரியாகிவிடும், ஆட்களுக்கான 30,000 மட்டுமே மிச்சம். இதோடு நின்றால் நீ பாதிதான் வந்திருக்கிறாய்.

உடனே கேட்பார்கள்: கயிற்றுக்கு எடை இல்லையா? ஏறக்குறைய 2 கிலோமீட்டர் பாதை! 'நான் அதை விட்டுவிட்டேன், சேர்த்துப் பார்க்கிறேன்' என்று சொல்லிவிட்டு வாய்விட்டு யோசி. பெட்டி அடிவாரத்தில் நிற்கும்போது கயிறு முழுவதும் அதன் பக்கம், நடுவழியில் இரண்டு பக்கமும் சமம், அதற்கு மேல் மறுபக்கக் கயிறு நீண்டு உனக்கு உதவும். அப்படியானால் மோட்டார் மிகவும் திணறுவது கிளம்பும்போதுதான். அடுத்து, இறங்கும் பெட்டி நிறைந்து ஏறுவது காலியாக இருந்தால்? மோட்டார் இழுக்க வேண்டாம், பிடித்து நிறுத்த வேண்டும். ஒவ்வொரு கேள்வியும் முந்தைய விடையில் ஒரு கதவைத் திறக்கிறது பார். அவர்கள் தரும் குறிப்பைத் தட்டிவிடாதே. தவறு தெரிந்தால் எந்த இடத்தில் என்று சுட்டித் திருத்து. தெரிந்த கேள்வியே வந்துவிட்டால் கிளிப்பிள்ளை போல ஒப்பிக்காதே, 'இதைப் பார்த்திருக்கிறேன்' என்று சொல்லிவிடு.

நேர்முகம் பெரும்பாலும் டிசம்பரில், உனக்கு ஆன்லைனில். அப்போது வித்தியாசம் எட்டு மணி: அவர்களுக்குக் காலை 10 என்றால் நமக்கு மாலை 6, பிற்பகல் 3 என்றால் இரவு 11. ஹாஸ்டல் வைஃபை எல்லாரும் படம் பார்க்கும் நேரம் அது. போனில் டேட்டா போட்டு ஹாட்ஸ்பாட்டைச் சோதித்து வை. திரையில் எழுத என்ன கருவி வேண்டும் என்று அவர்கள் அனுப்பும் குறிப்பை வரி விடாமல் படித்து, ஒரு வாரம் அதிலேயே கணக்குப் போடு.

தீபாவளிக்கு வரும்போது சித்தப்பாவை உன் எதிரில் உட்கார வைக்கிறேன். அவருக்குப் பொறியியல் தெரியாது, 'ஏன்?' என்று விடாமல் கேட்பார். அது போதும்.

கேம்பிரிட்ஜுக்குள் எந்தக் கல்லூரியைப் போடுவது என்று தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதே. நீ கேட்ட கல்லூரியில் இடம் இல்லையென்றாலும் நல்ல பிள்ளைகளை ஜனவரியில் பொதுப் பட்டியலிலிருந்து வேறு கல்லூரி எடுத்துக்கொள்ளும். இடம் கிடைத்தால் வழக்கமாக ஏ-லெவலில் இரண்டு ஏ-ஸ்டாரும் ஒரு ஏயும் கேட்பார்கள், அதனால் வகுப்புப் பாடத்தைக் கைவிட்டுவிடாதே.

பாஸ்போர்ட்டின் முதல் பக்கத்தைப் படம் எடுத்து இன்றைக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பு. காலாவதித் தேதி எனக்கு வேண்டும்.

அம்மா