கதவோரம் உட்கார்ந்திருந்த பெரியவருக்கும் மற்ற எல்லோருக்கும்

நேற்று இரவு கச்சேரி முடிந்தது. விரல் நுனிகள் இன்னும் எரிகின்றன, ஆனாலும் இதை நாளைக்குத் தள்ளிப்போட மனம் வரவில்லை. அந்தச் செவ்வாய் இரவு ஒத்திகை இடத்தில் தண்ணீர் புகுந்து, எங்கள் பாண்டுராக்கள் (உக்ரைன் மக்களின் கம்பி வாத்தியம்) நனைந்துபோனதை மறுபடி விரிவாகச் சொல்ல வேண்டியதில்லை. டொராண்டோவில் எங்கள் பாட்டைக் கேட்டுப் பழகிய எல்லோருக்கும் அது தெரியும்.

ஒத்திகைக்கு இடம் கொடுத்த தேவாலயத்தார், கம்பிச் சுருள்களோடு டெட்ராய்ட்டிலிருந்து இரவோடு இரவாகக் காரோட்டி வந்த நண்பர்கள், தங்கள் வாத்தியத்தையே இரவல் தந்த பழைய மாணவர்கள், பத்து நாளும் எங்களுக்கு போர்ஷ் என்ற பீட்ரூட் சூப்பும் வரெனிகி என்ற கொழுக்கட்டையும் செய்து போட்ட அம்மாக்கள், தேதி மாறியும் டிக்கெட் பணத்தைத் திரும்பக் கேட்காத ரசிகர்கள், எல்லோருக்கும் நன்றி. ஒவ்வொருவர் வீட்டுக்கும் நேரில் வருவோம்.

இனி எழுதுவதெல்லாம் ஒருவருக்கு.

ஐயா, ஒன்பது வருடமாக வியாழக்கிழமைதோறும் எங்கள் ஒத்திகையின்போது கதவோரம் ஒரு மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருப்பீர்கள். நாங்கள் போன பிறகு கூடத்தைப் பெருக்கிப் பூட்டுவதற்காகக் காத்திருக்கிறீர்கள் என்றுதான் நினைத்தோம். ஒரு டீ வேண்டுமா என்றுகூட நாங்கள் கேட்டதில்லை.

அன்று விடியற்காலை 5 மணிக்கு நாங்கள் ஓடி வந்தபோது, நீங்கள் தூக்கிவந்து வைத்த 14 பாண்டுராக்களும் மாடிக் கூடத்தில், கம்பளிப் போர்வைகளின் மேல், வரிசையாகப் படுத்திருந்தன. ஒன்றுகூட ஹீட்டர் பக்கத்தில் இல்லை. நனைந்த மரத்தைப் பார்த்தால் சூடு காட்டத்தான் யாருக்கும் தோன்றும். அப்படிச் செய்திருந்தால் மேற்பலகை வெடித்து, பசை விட்டு, எல்லாம் போயிருக்கும். உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். “உங்கள் இசை இயக்குநர் வாராவாரம் கத்துவாரே, ஹீட்டர் பக்கம் வைக்காதே என்று” என்றீர்கள். அந்தப் போர்வைகள் உங்கள் வீட்டிலிருந்து வந்தவை என்று மறுநாள்தான் எங்களுக்குத் தெரிந்தது.

கம்பிகளை மட்டும் நீங்கள் தொடவில்லை. பாண்டுராவில் கம்பியை அழுத்திச் சுரம் மாற்றுவதில்லை, ஒரு சுரத்துக்கு ஒரு கம்பி. அதனால் ஒரு வாத்தியத்திலேயே கிட்டத்தட்ட 60 கம்பிகள். ஈர மரத்தின் மேல் அத்தனை இழுப்பும் நிற்கக் கூடாது. கம்பியை முறுக்கும் பிருடைகளை ஒவ்வொன்றாக, கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்த வேண்டும். கரண்ட் இல்லை. 800-க்கும் மேல் கம்பிகள். விடிந்த பிறகும் அந்தக் கூடத்தில் வெளிச்சம் போதவில்லை. 9 மணி வரை எங்கள் தோளுக்கு மேலே டார்ச்சைப் பிடித்தபடி, கை மாற்றி மாற்றி நின்றீர்கள்.

அப்போதுதான் உங்கள் அப்பாவைப் பற்றிச் சொன்னீர்கள். போர்ச்சுகலின் அசோர்ஸ் தீவுகளில் அவர் வாசித்த, கிதார் போன்ற வியோலா தா தேராவைப் பற்றி. அதன் ஒலித்துளையை இரண்டு இதயங்களாக வெட்டியிருப்பார்களாம். ஒன்று ஊரை விட்டுப் போனவருக்கு, ஒன்று ஊரிலேயே இருப்பவருக்கு. நாங்கள் யாரும் பிருடையிலிருந்து தலை நிமிரவில்லை. நிமிர்ந்திருந்தால் அழுதிருப்போம்.

எங்கள் வாத்தியத்துக்கு இதைவிடப் பெரிய அடிகள் விழுந்திருக்கின்றன. பாண்டுராவுக்குப் பாடநூல் எழுதிய ஹ்நாத் ஹோட்கெவிச்சை 1938-இல் சோவியத் ஆட்சி சுட்டுக் கொன்றது. 1918-இல் கீவில் தொடங்கிய பாண்டுரா பாடகர் குழுவின் வழிவந்தவர்கள், போர்க்காலத்தில் ஜெர்மனிக்குக் கொண்டுபோகப்பட்டு, பிறகு அகதி முகாம்களில் பாடி, தங்கள் நடத்துநர் ஹ்ரிஹோரி கிதாஸ்தியோடு 1949-இல் டெட்ராய்ட் வந்து சேர்ந்தார்கள். என் தாத்தாவின் பாண்டுராவும் அப்படியொரு முகாமில் செய்ததுதான். வாசித்தவர்களின் பெயர்கள் புத்தகங்களில் இருக்கின்றன. வழியில் ஏதோ ஒரு இரவில், எங்கோ ஒரு ரயில் நிலையத்தில், மழையில் நனையாமல் இருக்க அந்த வாத்தியத்தின் மேல் போர்வை போட்டவர் யார்? தாத்தா சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. ஒரு வாரமாக இதுதான் மனதை அறுக்கிறது.

பெயர் போட வேண்டாம் என்று நீங்கள் கேட்டுக்கொண்டதால் இங்கே எழுதவில்லை. ஆனால் தாத்தாவின் பாண்டுராப் பெட்டிக்குள், மூடியின் உள்பக்கம், உங்கள் பெயரையும் தேதியையும் ஒரு தாளில் எழுதி ஒட்டிவிட்டேன். அந்தப் பெட்டி என் மகளிடம் போகும்போது அந்தத் தாளும் போகும். அதை யார் எழுதினார்கள், ஏன் எழுதினார்கள் என்று அவளுக்குச் சொல்லிவிட்டுத்தான் கொடுப்பேன்.

12 பாண்டுராக்கள் நேற்று மேடையில் வாசித்தன. மீதி இரண்டும் இன்னும் காய்கின்றன, வசந்தம் வரை தொடக் கூடாது. அப்புறம், உங்கள் போர்வைகளைத் துவைத்து மடித்து வைத்திருக்கிறோம். வியாழக்கிழமை 7 மணிக்கு ஒத்திகை. டீ தயாராக இருக்கும்.