வாதவூரர் மீது ஒரு தணிக்கைத் தடை

அன்புள்ள சுந்தரம்,

இங்கு அனைவரும் நலம். பொங்கலுக்கு வந்த உன் கடிதத்துக்கு ஆடியில் பதில் எழுதுகிறேன். திட்டிவிட்டு மேலே படி.

சென்ற வாரம் ஆவுடையார்கோயில் போயிருந்தேன். குதிரை வாங்கப் பாண்டியன் கொடுத்த பணத்தை இந்தக் கோயிலுக்குச் செலவிட்ட அமைச்சர் வாதவூரர், அதாவது மாணிக்கவாசகர் மீது, கணக்கில் குறை கண்டதாக நீ வேடிக்கையாய் எழுதிய தணிக்கைத் தடை நினைவிருக்கிறதா? “வந்த குதிரைகள் இரவு இருப்புச் சரிபார்ப்பில் நரிகளாகக் காணப்பட்டன, தொகை முழுவதும் வசூலிக்கத்தக்கது” என்று நீ படிக்க, நம் அலுவலகப் பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சிரித்தாரே! அந்தச் சிரிப்போடுதான் உள்ளே நுழைந்தேன்.

கருவறையில் லிங்கம் இல்லை, அதன் பீடமான ஆவுடையார் மட்டுமே. நந்தியும் கொடிமரமும் இல்லை. புழுங்கலரிசிச் சோற்றைச் சுடச்சுடக் கல்லின்மேல் கொட்டுகிறார்கள். எழுகின்ற ஆவியே நைவேத்தியம். திருவிழாவில் வீதியுலா வருபவரும் மாணிக்கவாசகரே.

என்னைப் பிடித்துக்கொண்டது அவருடைய கோலம். தென்னவன் பிரமராயன் என்று பட்டம் பெற்றவருக்குச் சோழர் காலச் சிற்பிகள் செப்புத் திருமேனி வார்த்தபோது மகுடத்தையும் பட்டாடையையும் அறவே விட்டுவிட்டு, இடையில் சிறு துணியும் வலக்கையில் சின்முத்திரையும் இடக்கையில் சுவடியுமாக ஓர் இளைஞரை நிறுத்தினார்கள். எந்தச் சிவன் கோயிலிலும் நால்வர் வரிசையைப் பார். அணிமணிகளோடு நிற்பவர் சுந்தரர், அரண்மனையில் உண்மையில் அதிகாரம் செலுத்தியவரோ அரைத்துணியோடு நிற்கிறார். (உன் பெயர்க்காரர் அப்போதே அலங்காரப் பிரியர்.)

பதவியின் மிச்சமாகத் தெரிவது அந்தச் சுவடி ஒன்றுதான். அமைச்சராக இருந்தவரை ஓலை எழுதக் கணக்கர்கள் இருந்திருப்பார்கள். தில்லையிலோ அவர் பாடப்பாட இறைவனே ஏட்டில் எழுதிக்கொண்டு, திருச்சிற்றம்பலமுடையான் எழுத்து என்று கைச்சாத்தும் இட்டான் என்கிறது கதை. முப்பத்து நான்கு ஆண்டுகள் கையெழுத்திட்ட எனக்கு அந்த இடம் தொண்டையை அடைத்தது.

பாண்டியன் தண்டனையாக வைகையின் சுடுமணலில் அவரை நிறுத்தி வைத்ததை அந்தத் திருமேனி காட்டுவதில்லை என்பது மட்டும் எனக்குக் குறை. சுந்தரம், அங்கே நின்றபோது நம் ராமலிங்கத்தின் நினைவு வந்தது. அவர் ஓய்வூதியத்தில் பிடித்தம் செய்த ஆணையில் நானும் ஒப்பமிட்டிருக்கிறேன். பிட்டுக்கு மண் சுமந்தவன் முதுகில் விழுந்த அடி எல்லார் முதுகிலும் விழுந்ததாமே. என் முதுகில் இப்போதுதான் விழுகிறது.

அந்தத் தடையின் நகல் உன் பழைய பெட்டியில் இருந்தால் அனுப்பு. நீக்கலாம் என்று பரிந்துரைத்துக் கையெழுத்திட்டுத் திருப்பி அனுப்புகிறேன்.

உன்,
வைத்தி