சண்டை அமைத்தவர்களின் பெயரையும் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

குறைந்த செலவில் எடுத்த சண்டைப் படங்களைப் பற்றிச் சென்ற ஞாயிறு பதிப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். 2011இல் வெளிவந்த இந்தோனேசியப் படமான 'தி ரெய்ட்' அதில் இடம்பெற்றது எனக்குப் பெரிய மகிழ்ச்சி. ஆனால் இயக்குநர் கேரத் எவன்ஸ் வேல்ஸ்காரர் என்பதுவரை எழுதியவர், சண்டைகளை அமைத்தவர்கள் யார் என்று ஒரு வரிகூட எழுதவில்லை. அந்தப் படத்தில் வரும் சிலாட் என்ற தற்காப்புக் கலையைப் பள்ளியில் புறப்பாட நடவடிக்கையாகப் பயின்றவள் நான். மனத்துக்குக் கஷ்டமாக இருந்தது.

படத்தில் நடித்த ஈக்கோ உவைஸும் யாயான் ருஹியானும்தான் இயக்குநரோடு உட்கார்ந்து அந்த அடிகளை அமைத்தவர்கள். உவைஸ் ஒரு தொலைத்தொடர்பு நிறுவனத்தில் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தவர். சிலாட் பற்றி ஆவணப்படம் எடுக்கப் போன இடத்தில்தான் எவன்ஸ் அவரைக் கண்டார்.

முதலில் நினைத்த பெரிய படத்துக்குப் பணம் திரளவில்லை. சரி என்று கதையை ஜகார்த்தாவின் ஒரே அடுக்குமாடிக்குள் அடக்கிக்கொண்டார்கள். மொத்தச் செலவு ஏறக்குறைய 11 லட்சம் அமெரிக்க டாலர். துப்பாக்கிகள்கூட மாதிரிகள்தான், சுடும்போது தெரியும் நெருப்பைப் பிறகு கணினியில் சேர்த்தார்கள். அப்படியானால் படத்தைத் தாங்கியது எது? நடைவழியில் உவைஸ் தடியும் கத்தியுமாகப் போராடும் காட்சியில் அவர் கால்களைக் கவனியுங்கள். கை ஓங்க இடமில்லாத இடத்தில் முழங்கையும் முழங்காலும் வேலை செய்கின்றன. பயிற்சியில் எங்கள் குரு முதலில் பார்ப்பதும் காலைத்தான். அப்புறம் யாயான், சிறிய உருவம். கையில் துப்பாக்கி இருந்தும் அதை ஒதுக்கிவிட்டு வெறுங்கையோடு எதிரியை அழைப்பார். அவரை எதிர்கொள்ளும் ஜோ தஸ்லிம் இந்தோனேசியத் தேசிய ஜூடோ அணியில் இருந்தவர். இவர்கள் உடம்பில் வருடக்கணக்காக ஊறிய கலையைப் பணம் கொடுத்து ஒரே நாளில் வாங்கிவிட முடியாது.

2027இல் வெளியாகும் படங்களிலிருந்து சண்டை வடிவமைப்புக்கும் ஆஸ்கார் விருது உண்டு என்று அறிவித்துவிட்டார்கள். நம் பத்திரிகைகள் அதுவரை காத்திருக்க வேண்டுமா? இசையமைப்பாளர், ஒளிப்பதிவாளர் பெயர்களைப் போடும் அதே கட்டத்தில், எந்த மொழிப் படமாக இருந்தாலும், சண்டை அமைத்தவரின் பெயரையும் இந்த வாரத்திலிருந்தே சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
தைப்பிங், பேராக்