குழியை மூடாமல் வைப்புப் பணத்தைக் கொடுக்காதீர்கள்

மாணிக்கக்கல் அகழ அனுமதிப்பத்திரம் வழங்கும் அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஐயா, அம்மணி,

வணக்கம். இலங்கை மலையகத்தில் பொகவந்தலாவைப் பக்கம், கெசல்கமு ஓயா என்ற ஆற்றின் கரையிலுள்ள தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து எழுதுகிறேன். எங்கள் ஆத்தோரத்துக் குழிகளைப் பற்றி உங்களுக்குப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. மூன்று தடவை எழுதியிருக்கிறோம். ஒரு தடவை நாங்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளில் லயம் லயமாகக் கையெழுத்து வாங்கி நேரிலேயே கொண்டுவந்து தந்தோம். இப்போது எல்லோரும் படிக்கும்படி எழுத வைத்தது போன மாதம் நடந்த ஒரு காரியம்.

கீழ் லயத்து அக்கா ஒருவரிடம் ஒரு மாடு இருந்தது. எட்டு மாதச் சினை. கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்து அதற்குப் புல்லறுக்கப் போவார். அன்று சாயந்தரம் மாடு கயிற்றை அவிழ்த்துக்கொண்டு ஆத்தோரம் இறங்கிவிட்டது. மானாப்புல் ஆளுயரம் வளர்ந்து வாயை மறைத்திருந்த பழைய குழியொன்றில் விழுந்தது. டோர்ச்சை எடுத்துக்கொண்டு ஓடினோம். உள்ளே தண்ணீர், அதற்கு அடியில் சேறு. தலையை மட்டும் தூக்கி வைத்துக்கொண்டு கத்தியது. பதினோரு பேர் கயிறு போட்டு இழுத்தோம். இழுக்க இழுக்கக் குழியின் விளிம்பு உடைந்து மண் அதன் மேலேயே விழுந்தது. மேலே கொண்டுவரும்போது நடுச்சாமம் தாண்டிவிட்டது. விடியுமுன் செத்துப்போனது.

அக்கா அழவில்லை. மாட்டின் தலையைத் தொட்டுக்கொண்டு உட்கார்ந்து, "புள்ளைங்க இந்த வழியாதானே ஸ்கூலுக்குப் போகுதுங்க" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

காலையில் மூங்கில் விட்டு அளந்தோம். பதினெட்டு அடி. இரவில் திருட்டுத்தனமாக வெட்டுகிறவர்களைப் பற்றிப் பொலிஸில் பேசிக்கொள்கிறோம். இந்தக் குழி உங்கள் அனுமதிப்பத்திரத்தோடு வெட்டிய குழி.

சட்டம் இல்லையென்று யாரும் சொல்ல முடியாது. அனுமதி எடுப்பவர் நிலத்தைச் சீராக்கித் தருவதற்காக வைப்புப் பணம் கட்டுகிறார். குழியை மூடி, நீங்கள் வந்து பார்த்த பிறகுதான் அது அவர் கைக்குத் திரும்ப வேண்டும். நாங்கள் கேட்பதும் அவ்வளவுதான். குழியை மூடாமல் அந்தப் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

மூடிய குழிகளும் உண்டு. அவற்றையும் தயவுசெய்து வந்து பாருங்கள். தோண்டும்போது முதலில் வருவது கறுப்பு மேல்மண், அப்புறம் களி, கடைசியில் 'இல்லம்' என்று சொல்லும், மாணிக்கக்கல் கிடைக்கும் சரளை அடுக்கு. மேல்மண்ணை யாரும் தனியாக ஒதுக்கி வைப்பதில்லை. மூடும்போது அது அடியில் போய்விடுகிறது. கழுவிப்போட்ட சரளையும் மஞ்சள் களியும் மேலே வந்துவிடுகின்றன. அப்படி மூடிய இடத்தில் என் அப்பா போஞ்சி போட்டார். முழங்கால் உயரம்கூட வராமல் இலை மஞ்சளித்து நின்றுவிட்டது. வெட்டாத பக்கத்துப் பாத்தியில் அதே விதை கம்பைத் தாண்டிக் கொடி வீசியது. ஒரு மழைக்கு மூடிய இடம் அரையடி கீழே இறங்குகிறது. கரைகிற மண் ஓயாவோடு போய் காசல்ரி நீர்த்தேக்கத்தில் படிகிறது. இதே தண்ணீர்தான் பிறகு களனி கங்கையில் சேர்ந்து கொழும்புக்காரர் குடிக்கப் போகிறது.

நிலக்கரி தோண்டும் நாடுகளில் என்ன செய்கிறார்கள் என்று தேடிப் படித்தேன். அமெரிக்காவின் மேற்கு வெர்ஜீனியாவில், பஃபலோ கிரீக் என்ற இடத்தில் 1972இல் நிலக்கரிக் கழிவைக் கொட்டிக் கட்டிய அணை உடைந்து 125 பேர் செத்தார்கள். 1977இல் நிலக்கரி தோண்டுவதற்கு நாடு முழுவதற்கும் ஒரு சட்டம் வந்தது. மேல்மண்ணைத் தனியாக எடுத்து வைத்துத் திரும்ப மேலேயே போட வேண்டும். மலைச்சரிவு ஏறக்குறைய முன்பிருந்தபடி வர வேண்டும். செடி நட்ட பிறகும் மழை அதிகமுள்ள இடத்தில் 5 வருஷம், வறண்ட இடத்தில் 10 வருஷம் கம்பனிதான் பொறுப்பு. வைப்புப் பணத்தைத் திருப்பிக் கேட்டால் நான்கு வாரம் தொடர்ந்து பத்திரிகையில் அறிவித்தல் போட வேண்டும். பாதிக்கப்பட்டவர்கள் மறுப்புச் சொல்லலாம். முறைப்பாடு கொடுத்தவர் பரிசோதகரோடு கூடவே போய்ப் பார்க்கலாம். இந்தக் கடைசி விதியை நான் இரண்டு தடவை படித்தேன். அங்கேயும் கைவிட்டுப்போன சுரங்கங்கள் இருக்கின்றன, தெரியும். ஆனால் குழிக்குப் பக்கத்தில் குடியிருப்பவன் ஒரு ஆள் என்று சட்டம் ஒத்துக்கொள்கிறது.

எங்களிடம் யாரும் கேட்பதில்லை. நிலம் எங்கள் பெயரில் இல்லை, கையில் காணி உறுதிப் பத்திரம் இல்லை. ஐந்து தலைமுறையாக இந்த மண்ணில் வடிகான் வெட்டி, கொழுந்து பறித்து, செத்தவர்களை இதே மலையில் புதைத்திருக்கிறோம். தமிழும் ஆட்சி மொழி என்று 1987இல் அரசியலமைப்பில் எழுதியாகிவிட்டது. எங்களுக்குச் சிங்களத்தில் வரும் பதில் கடிதத்தை இன்னும் டவுனுக்குக் கொண்டுபோய் யாரிடமாவது கொடுத்துத்தான் வாசிக்கிறோம். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போயின. அது குழி வெட்டியதால் வந்த சரிவு இல்லை. ஆனால் மலை ஆபத்தானது என்று முன்கூட்டியே சொல்லியும் சனங்கள் அங்கேயேதான் இருந்தார்கள். அன்றிலிருந்து அடைமழை என்றால் எங்கள் லயத்தில் பாதிப்பேர் தூங்குவதில்லை.

மன்னிக்க வேண்டும். கேட்க வந்ததை விட்டு எங்கோ போய்விட்டேன்.

ஐயா, அம்மணி, தாழ்மையாகக் கேட்கிறோம். குழியை மூடாமல் வைப்புப் பணத்தைக் கொடுக்காதீர்கள். மேல்மண் மேலே வந்திருக்கிறதா என்று மண்வெட்டியால் கொத்திப் பாருங்கள். ஒரு மழைக்காலம் போக விட்டு, நிலம் இறங்கவில்லை என்று தெரிந்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். பணம் கேட்டு விண்ணப்பம் வந்தால் காலையில் வேலைக்குப் பேர் பதியக் கூடும் எங்கள் பிரட்டுக் களத்தில் தமிழில் ஒரு அறிவித்தல் ஒட்டுங்கள். பரிசோதனைக்கு வரும்போது எங்களில் இரண்டு பேரையாவது கூட்டிக்கொண்டு போங்கள்.

அந்தப் பதினெட்டு அடிக் குழி இன்னும் திறந்தே கிடக்கிறது. சுற்றி மூங்கில் நட்டுப் பழைய சேலை கட்டியிருக்கிறோம். வெசாக் மழை தொடங்குமுன் ஒரு நாள் வாருங்கள். வரும் நாளைச் சொன்னால் போதும். மரப்பாலம் வழுக்கும், ரோட்டுக்கே வந்து கூட்டிப்போகிறோம்.

இப்படிக்கு,
கெசல்கமு ஓயாக் கரைத் தோட்டத்து ஆசிரியர் ஒருவர்