பொருள் வரவில்லை என்றால் தபால் செலவும் திரும்ப வர வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டிலும் சௌகார்பேட்டையிலும் சரக்கு எடுத்து, வாட்ஸ்அப்பிலும் இன்ஸ்டாகிராமிலும் புடவை, சுடிதார் விற்பவர்கள் வடசென்னையில் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். பார்சல் வழியில் தொலைந்தால் இவர்களில் பலர் துணியின் விலையை மட்டும் திருப்பிக் கொடுக்கிறார்கள். "கூரியர் சார்ஜ் போனது போனதுதான்" என்று சொல்லிவிடுகிறார்கள். இது சரியல்ல. வாடிக்கையாளர் 90 ரூபாய் கூடுதலாகக் கொடுத்தது பொருள் தன் வாசலுக்கு வந்து சேருவதற்காக. வந்து சேராதபோது அந்த 90 ரூபாயும் அவருடைய பணம்.

1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம், 39-ஆம் பிரிவைச் சிலர் துணைக்கு அழைக்கிறார்கள். கூரியரிடம் கொடுத்தாலே வாங்கியவரிடம் கொடுத்த மாதிரி என்று அதில் இருப்பது உண்மை. ஆனால் அடுத்த உட்பிரிவையும் படிக்க வேண்டும். சரக்கின் தன்மைக்கு ஏற்ற நியாயமான ஏற்பாட்டோடு அனுப்பாமல் அது தொலைந்தால், அந்த ஒப்படைப்பை வாங்கியவர் ஏற்க மறுக்கலாம். 6,000 ரூபாய்ப் பட்டுப்புடவையை இன்ஷூரன்ஸ் இல்லாமல் அனுப்பியவர் இந்தப் பிரிவைக் காட்டித் தப்ப முடியாது. 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளும் இருக்கின்றன. தபால், பேக்கிங் கட்டணங்களைப் பிரித்துக் காட்டி மொத்த விலையை ஒரே தொகையாகச் சொல்ல வேண்டும். சொன்ன கெடுவில் வராத பொருளுக்குப் பணத்தைத் திருப்பித்தர மறுக்கக் கூடாது. வீட்டிலிருந்து விற்றாலும் அதைத் தொடர்ந்து வியாபாரமாகச் செய்பவரை இந்த விதிகள் விட்டுவிடுவதில்லை.

அடுத்த தவறு, வாடிக்கையாளரையே தபால் நிலையத்துக்கு அலையவிடுவது. பார்சலை புக் செய்தவர் விற்றவர், ரசீதும் அவர் கையில், இழப்பீடும் அவருக்குத்தான். எனவே முதலில் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பிறகு இழப்பீட்டை விற்றவர்தான் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். ஸ்பீட் போஸ்டில் பொருள் தொலைந்தால் கட்டணத்தைப் போல இரண்டு மடங்கு அல்லது 1,000 ரூபாய், இதில் எது குறைவோ அதுதான் இழப்பீடு. 90 ரூபாய் கட்டி அனுப்பிய 2,400 ரூபாய்ப் புடவைக்குக் கிடைப்பது 180 ரூபாய். இந்தக் கணக்கு தெரிந்தால் 2,000 ரூபாய்க்கு மேற்பட்ட எதையும் இன்ஷூர் செய்யாமல் அனுப்ப மனம் வராது.

அதிகம் சண்டை வருவது பாதிப் பார்சலில்தான். மூன்று சுடிதார் செட் ஆர்டர் செய்தால் இரண்டுதான் இருக்கும். "நான் மூன்றும் வைத்தேன்" என்பார் விற்றவர், "பிரித்தபோது இரண்டுதான்" என்பார் வாங்கியவர். யார் சொல்வது சரி என்பதைத் தபால் ரசீதில் அச்சாகியிருக்கும் எடை சொல்லிவிடும். ஒரு செட் 450 கிராம், கவரும் டேப்பும் 50 கிராம் என்றால் மூன்றுக்கு 1,400 கிராம் வர வேண்டும். ரசீதில் 950 இருந்தால் பேக் செய்தபோதே ஒன்று விடுபட்டிருக்கிறது. 1,400 இருந்தால் வழியில் எடுக்கப்பட்டிருக்கிறது. கவரின் ஓரத்தில் வேறு டேப் மேலே ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டில் எதுவானாலும் வாங்கியவர் தலையில் செலவு விழக் கூடாது. விடுபட்டதை மறுபடி அனுப்பினால் இரண்டாவது தபால் செலவு விற்றவருடையது. பணமாகத் தந்தால் தபால் செலவிலும் மூன்றில் ஒரு பங்கைச் சேர்த்துத் தர வேண்டும். எடை குறைந்ததால் கூரியர் கட்டணம் மாறியதா இல்லையா என்பது விற்றவருக்கும் கூரியருக்கும் இடையிலான கணக்கு. இன்னொன்றும் நடக்கிறது: 1,500 ரூபாய்க்கு மேல் வாங்கினால் டெலிவரி இலவசம் என்று விற்றுவிட்டு, ஒரு பொருள் தொலைந்ததும் "இப்போது உங்கள் ஆர்டர் 1,500-க்குக் கீழே வந்துவிட்டது" என்று தபால் செலவைக் கழிக்கிறார்கள். தொலைந்தது வாங்கியவர் குற்றமல்ல, கழிப்பது அநியாயம்.

வாங்குபவர்களும் சிலவற்றைக் கவனிக்க வேண்டும். ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டைத் தெருக்களில் ஒரு வீட்டின் பழைய எண்ணே இன்னொரு வீட்டின் புதிய எண்ணாக இருக்கும். 'டெலிவர்டு' என்று காட்டியும் கைக்கு வராத பார்சல் பல நேரம் அந்த இன்னொரு வீட்டில்தான் கிடக்கும். முகவரியில் இரண்டு எண்களையும் எழுதுங்கள். வாரியக் குடியிருப்பு என்றால் பிளாக், மாடி, இரண்டாவது போன் நம்பர் மூன்றும் வேண்டும். வராததை அன்றே சொல்லிவிடுங்கள். கவரை வெட்டுவதற்கு முன்பே லேபிளும் எல்லாப் பக்கங்களும் தெரிய வீடியோவைத் தொடங்கி, நடுவில் நிறுத்தாமல் எடுங்கள். கவரைத் தூக்கிப் போடாதீர்கள். பணம் கொடுத்தபின் வரும் 12 இலக்க யுபிஐ எண்ணைக் குறித்து வையுங்கள். பணம் திரும்பிய பிறகு பார்சல் வந்துவிட்டால் விற்றவரிடம் சொல்லுங்கள். நேர்மை இரண்டு பக்கமும் வேண்டும்.

ஸ்பீட் போஸ்ட் எண்ணில் எழுத்தும் இலக்கமுமாக மொத்தம் 13 இருக்கும், கடைசி இரண்டும் 'IN' என்ற ஆங்கில எழுத்துகள். ரசீதின் மை சில மாதத்தில் மங்கிவிடும், அன்றே போட்டோ எடுப்பது நல்லது. அஞ்சல் துறைப் புகார் எண் 1800 266 6868. விற்றவர் மசியவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் வழிக்கு வராவிட்டால் சென்னை வடக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் வழக்குப் போடலாம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் வழக்குக் கட்டணம் கிடையாது, இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே பதியலாம். வாங்கியவர் வசிக்கும் இடத்திலேயே வழக்குப் போட முடியும் என்பதால் விற்றவர் சூரத்தில் இருந்தாலும் தண்டையார்பேட்டைக்காரர் சூரத் போக வேண்டியதில்லை.

வியாபாரிகள் தங்கள் விலைப்பட்டியலின் அடியில் ஒரு வரி சேர்க்க வேண்டுகிறோம்: "டிராக்கிங் 7 நாள் நகராவிட்டால் பார்சல் தொலைந்ததாகக் கருதி, தபால் செலவு உட்பட முழுத்தொகையும் திருப்பித் தரப்படும்."

இப்படிக்கு,
இணையவழித் துணி வியாபாரிகள் சிலர்,
பழைய வண்ணாரப்பேட்டை, சென்னை - 21